ருமேனியப் புரட்சியை டிவி நடத்தியதா?

"1989இல் ருமேனியாவில் நடந்ததைத் தொலைக்காட்சிப் புரட்சி என்கிறார்களே, டிவி இல்லாமல் இருந்திருந்தால் சௌஷெஸ்கு விழுந்திருக்க மாட்டாரா? இன்றைக்கு அதே மாதிரி நடக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ருமேனியாவை ஆண்ட கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி சௌஷெஸ்குவின் ஆட்சியை அசைத்தவர்கள், நாட்டின் மேற்கிலுள்ள திமிஷோவாரா நகரத்துத் தெருக்களில் துப்பாக்கிக்கு எதிரே நின்ற சாதாரண மக்கள். அந்தப் பெருமையை டிவிக்குக் கொடுப்பது செத்துப்போனவர்களுக்குச் செய்யும் அநியாயம். ஆனால் அவர் விழுந்த பிறகு நாடு யார் கைக்குப் போகும் என்ற விஷயத்தில் டிவியின் பங்கு மிகப் பெரியது. அது ஏன் என்று புரிய வேண்டுமானால், அதற்கு முந்தைய பத்து வருடம் ருமேனிய வீடுகளில் டிவி எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும்.

1980களின் தொடக்கத்தில் ருமேனியாவின் வெளிநாட்டுக் கடன் சுமார் 1,000 கோடி டாலர். அதை முழுவதும் அடைத்தே தீருவது என்று சௌஷெஸ்கு முடிவெடுத்தார். விளைந்ததும் உற்பத்தியானதும் ஏற்றுமதிக்குப் போயின. ரொட்டி, எண்ணெய், சர்க்கரை எல்லாம் ரேஷன். மின்சாரம் அடிக்கடி நின்றது, அடுக்குமாடி வீடுகளுக்கு வரும் வெந்நீரும் வெப்பமும் குறைந்தன, குளிர்காலத்தில் ஜனங்கள் வீட்டுக்குள்ளேயே கோட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த வரிசையில் டிவிக்கும் வெட்டு விழுந்தது. மின்சாரச் சிக்கனம் என்று சொல்லி 1985 ஜனவரியில் இரண்டாவது சேனலை மூடினார்கள். மிச்சமிருந்த ஒரே சேனல் வார நாட்களில் ராத்திரி 8 மணிக்குத் தொடங்கி 10 மணிக்கு முடிந்துவிடும். சனி, ஞாயிறுகளில் இன்னும் கொஞ்ச நேரம்.

அந்த இரண்டு மணி நேரத்தில் என்ன வரும்? செய்தி என்றால் தலைவர் எந்தத் தொழிற்சாலைக்குப் போனார், அவர் மனைவி எலெனா எந்தக் கூட்டத்தில் இருந்தார் என்பதுதான். அப்புறம் தேசபக்திப் பாட்டு, கூட்டு நடனம், பாராட்டுக் கவிதை. சனிக்கிழமை வரும் தெலெஎன்சிக்லோபீடியா என்ற அறிவு சார்ந்த நிகழ்ச்சியை அந்தத் தலைமுறை இன்றும் பிரியமாகச் சொல்கிறது. 1965இல் தொடங்கிய அது எப்படியோ தப்பித்து நின்றது. இத்தனைக்கும் 1979இல் இதே ருமேனிய டிவி அமெரிக்காவின் 'டல்லாஸ்' தொடரை ஒளிபரப்பியிருக்கிறது. எண்ணெய்ப் பணக்காரக் குடும்பத்தின் பெரிய வீட்டையும் காரையும் ஒருகாலத்தில் வாராவாரம் பார்த்துப் பழகியவர்கள்தான் இப்போது இரண்டு மணி நேரத் துதிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. தலைநகர் புக்கரெஸ்டிலிருந்து டான்யூப் நதியும் பல்கேரிய எல்லையும் 60 கிலோமீட்டர் தூரம்தான். மொட்டை மாடிகளிலும் பால்கனிகளிலும் ஆன்டெனாக்களைத் தெற்குப் பக்கம் திருப்பி பல்கேரிய டிவி பார்த்தார்கள். பல்கேரிய மொழி தெரியாதவர்கள் அகராதியை வைத்துக்கொண்டு கற்றுக்கொண்டார்கள். சோபியா டிவியின் நிகழ்ச்சி அட்டவணை கையெழுத்துப் பிரதியாகக் கைமாறியது. மேற்குப் பகுதிக்காரர்களுக்கு யூகோஸ்லாவிய, ஹங்கேரிய டிவிக்கள் கிடைத்தன. நம் தென்கடலோர ஊர்களில் ஒரு காலத்தில் இலங்கையின் ரூபவாஹினி டிவியை எடுப்பதற்காக ஆன்டெனாவை உயர உயர ஏற்றியவர்களுக்கு இந்தக் காட்சி அந்நியமாக இருக்காது. என்ன வித்தியாசம் என்றால், நமக்கு அது கூடுதல் பொழுதுபோக்கு. அவர்களுக்குத் தங்கள் நாட்டுக்கு வெளியே ஓர் உலகம் இயங்கிக்கொண்டிருக்கிறது என்பதற்கான சாட்சி.

அடுத்தது வீடியோ கேசட். அப்போது ஒரு விசிஆரின் விலை கிட்டத்தட்ட ஒரு காரின் விலை. அது வைத்திருப்பவர் வீட்டில் ராத்திரி பத்திருபது பேர் கூடி, காசு கொடுத்து, ஒரே உட்காரலில் மூன்று நான்கு படங்கள் பார்ப்பார்கள். கடத்தி வந்த ஹாலிவுட் படங்கள் அத்தனைக்கும் ஒரே குரல்தான் ருமேனிய மொழியில் பேசும். கதாநாயகனுக்கும் அதே குரல், வில்லனுக்கும் அதே குரல், குழந்தைக்கும் அதே குரல். அந்தக் குரலுக்கு உரியவர் இரினா நிஸ்டோர். அவர் பகலில் வேலை பார்த்தது அரசாங்க டிவியில், மொழிபெயர்ப்பாளராக! இப்படி 3,000க்கும் மேற்பட்ட படங்களுக்கு அவர் ரகசியமாகக் குரல் கொடுத்தார். முகம் தெரியாது, பெயர் தெரியாது, ஆனால் நாடு முழுவதும் அடையாளம் தெரிந்த குரல். இந்தக் காலத்தைப் பற்றிப் படிக்கும்போது என்னை மிகவும் நெகிழவைக்கும் ஆள் அவர்தான்.

இதை வைத்து "வெளிநாட்டு டிவி பார்த்தால் ஜனங்கள் புரட்சி செய்வார்கள்" என்று அவசரப்பட்டு முடிவுகட்டிவிடக் கூடாது. கிழக்கு ஜெர்மனியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பெரும்பாலான வீடுகளில் மேற்கு ஜெர்மன் டிவி தெளிவாகக் கிடைத்தது; டிரெஸ்டன் சுற்றுவட்டாரம் போன்ற சில இடங்களில் மட்டும் கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட இடங்களை 'ஒன்றும் தெரியாதவர்களின் பள்ளத்தாக்கு' என்று கேலி செய்வார்கள். 1980களின் கடைசியில் எடுத்த கருத்துக்கணிப்புகளை வைத்து இரண்டு அரசியல் ஆய்வாளர்கள் 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மேற்கு டிவி கிடைத்த பகுதிக்காரர்கள் தங்கள் ஆட்சி மீது கூடுதல் திருப்தியோடு இருந்தார்கள் என்பதுதான் அவர்கள் கண்டது. ராத்திரியானால் தொடரும் விளையாட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்கள். சௌஷெஸ்கு தன் ஜனங்களுக்கு அந்த நிம்மதியைக்கூட விட்டுவைக்கவில்லை. இரண்டு மணி நேர டிவி அவர் ஆட்சியைக் காப்பாற்றவில்லை, பலவீனப்படுத்தியது என்றே நான் நினைக்கிறேன்.

இனி 1989க்கு வருவோம்.

திமிஷோவாராவில் ஹங்கேரிய மொழி பேசும் சிறுபான்மையினரின் பாதிரியார் லாஸ்லோ தோகேஷ். ஆட்சியை வெளிப்படையாக விமர்சித்தவர். கனடாவிலிருந்து வந்த இரண்டு பேர் அந்த வருடம் அவரை ரகசியமாகப் பேட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். ஜூலை 24 அன்று ஹங்கேரிய டிவி அதை ஒளிபரப்பியது. எல்லையை ஒட்டிய ருமேனிய ஊர்களில் ஆன்டெனா வைத்திருந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். அவரை வீட்டிலிருந்து வெளியேற்றும் நடவடிக்கை தீவிரமானது. டிசம்பர் 15 அன்று அவர் வீட்டு வாசலில் ஆட்கள் கூடினார்கள். அடுத்த நாள் அது ஊர்வலமானது. 17ஆம் தேதி ராணுவம் சுட்டது. பல பேர் செத்தார்கள். தடயம் இருக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரிப் பிணவறையிலிருந்து நாற்பதுக்கும் மேற்பட்ட உடல்களை லாரியில் புக்கரெஸ்டுக்குக் கொண்டுபோய் எரித்து, சாம்பலைச் சாக்கடையில் கொட்டினார்கள்.

இதில் எதையும் ருமேனிய டிவி சொல்லவில்லை. வாய்வழியாகவும், மியூனிக்கிலிருந்து ஒலிபரப்பிய ஃப்ரீ யூரோப் வானொலி வழியாகவும்தான் செய்தி பரவியது. டிசம்பர் 20 ராத்திரி, ஈரான் பயணத்திலிருந்து திரும்பிய சௌஷெஸ்குவே டிவியில் தோன்றி, திமிஷோவாராவில் ரவுடிகளும் வெளிநாட்டுக் கையாட்களும் கலவரம் செய்கிறார்கள் என்று பேசினார். வதந்தி என்று நினைத்தவர்களுக்கும் அந்தப் பேச்சிலிருந்துதான் விஷயம் உறுதியானது.

மறுநாள் மதியம் புக்கரெஸ்ட் அரண்மனைச் சதுக்கத்தில் பெரிய கூட்டம் ஏற்பாடு செய்தார். தொழிற்சாலைகளிலிருந்து ஆட்களைத் திரட்டி, கையில் கொடியும் படமும் கொடுத்து நிறுத்தினார்கள். நேரடி ஒளிபரப்பு. அந்தப் பதிவை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கறுப்புக் கோட்டும் ரோமத் தொப்பியுமாக கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழுக் கட்டடத்தின் பால்கனியில் நின்று வழக்கமான குரலில் பேசிக்கொண்டிருக்கிறார். திடீரென்று கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஒரு சத்தம் எழும்புகிறது. அவர் கண் அந்தப் பக்கம் போகிறது. வாய் பாதியில் நிற்கிறது. வலது கை மேலே போய் அப்படியே நிற்கிறது, வகுப்பை அடக்கத் தெரியாத வாத்தியார் கை மாதிரி. படம் ஆடுகிறது. திரை சிவப்பாகி, 'நேரடி ஒளிபரப்பு' என்ற எழுத்து மட்டும் நிற்கிறது. ஒலி மட்டும் இன்னும் வருகிறது: "ஹலோ! ஹலோ!" என்று தலைவர் மைக்கில் கூப்பிடுகிறார். அமைதியாக இருங்கள் என்று எலெனா கத்துவது கேட்கிறது.

சில நிமிடத்தில் படம் திரும்பி வந்தது. குறைந்தபட்சச் சம்பளத்தை 200 லேய் உயர்த்துகிறோம் என்று அறிவித்தார். இருபது வருடத்துக்கு மேல் நாட்டை ஆண்டவர் நடுக்கூட்டத்தில் சம்பளம் பேரம் பேசுகிற மாதிரி இருந்தது. அந்தச் சத்தம் எப்படி எழும்பியது, யார் முதலில் குரல் எழுப்பினார்கள் என்பதற்குப் பல கதைகள் உண்டு. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அந்தச் சிவப்புத் திரை. தினமும் இரண்டு மணி நேரம், பிசிறில்லாமல், ஒத்திகை பார்த்த காட்சிகளையே பார்த்துப் பழகிய ஜனங்களுக்கு, படம் நின்றதே பெரிய செய்தி. நூறு சேனல் இருக்கும் நாட்டில் ஒரு சேனல் சில நிமிடம் நின்றுபோனால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒரே சேனல் என்பதால், அந்த முகம் தடுமாறியதைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே விநாடியில் பார்த்தார்கள். அன்று மாலை புக்கரெஸ்ட் தெருவில் ஆட்கள் நின்றார்கள். ராத்திரி அவர்களையும் சுட்டார்கள்.

22ஆம் தேதி காலை பாதுகாப்பு அமைச்சர் வசிலே மிலியா துரோகி, தற்கொலை செய்துகொண்டார் என்று அறிவிப்பு வந்தது. ராணுவம் ஜனங்கள் பக்கம் சாயத் தொடங்கியது. 12 மணி 8 நிமிடத்துக்கு சௌஷெஸ்குவும் எலெனாவும் கட்டடத்தின் கூரையிலிருந்து ஹெலிகாப்டரில் ஏறிப் பறந்தார்கள்.

அப்போது ஒரு கூட்டம் நேராக டிவி நிலையத்துக்குப் போனது. காவல் நின்ற ராணுவம் தடுக்கவில்லை. மதியம் ஒரு மணி வாக்கில் 4ஆம் எண் ஸ்டுடியோவிலிருந்து நாடு முழுவதும் ஒரு காட்சி தெரிந்தது. நடுவில், அதுவரை வீட்டுக்காவலில் இருந்த கவிஞர் மிர்ச்சா தினெஸ்கு, பக்கத்தில் நடிகர் இயோன் கராமித்ரு, சுற்றிலும் வியர்த்து விறுவிறுத்த இளைஞர்கள், சிப்பாய்கள். சர்வாதிகாரி ஓடிவிட்டார், ஜெயித்துவிட்டோம் என்று கத்தினார்கள். ஒளிபரப்பு தொடங்குவதற்கு முந்தைய நிமிடங்களும் பதிவாகியிருக்கின்றன. அதில் ஒரு குரல் தினெஸ்குவிடம், "மிர்ச்சா, வேலை செய்கிற மாதிரி காட்டு" என்கிறது. அவரும் கையிலுள்ள தாளைப் பார்க்கிறார். இந்த ஒரு வரியை வைத்து, எல்லாம் நாடகம் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக கேமரா முன்னால் நாட்டோடு பேசப் போகிறவர்களின் பதற்றம் அது. முகங்களைப் பாருங்கள், அந்தச் சந்தோஷத்தை நடிக்க முடியாது.

ஆனால் சாயங்காலத்துக்குள் அந்த ஸ்டுடியோவின் நிலைமை மாறியது. முன்னாள் கட்சிப் பிரமுகர் இயோன் இலியெஸ்கு வந்தார். நிதானமாக, பழகிய அரசியல்வாதியின் குரலில் பேசினார். தேசிய மீட்பு முன்னணி என்ற அமைப்பு உருவானது. ராத்திரி அதன் அறிக்கையை அவரே டிவியில் வாசித்தார். தெருவில் நின்றவர்களுக்குள் நூறு குரல் இருந்தது, கேமரா முன்னால் ஒரு குரல் நின்றது. நாடு பார்த்தது அதைத்தான். யாரும் ஓட்டுப் போடவில்லை, யாரும் பதவிப் பிரமாணம் செய்துவைக்கவில்லை. திரையில் தோன்றியதே அதிகாரம் ஆனது.

இந்தக் கதையில் என்னால் சுலபமாகக் கடந்துபோக முடியாத பகுதி இனிமேல்தான் வருகிறது. 22ஆம் தேதி இருட்டிய பிறகு துப்பாக்கிச் சத்தம் தொடங்கியது. 'பயங்கரவாதிகள்', சௌஷெஸ்குவுக்கு விசுவாசமானவர்கள், தாக்குகிறார்கள் என்று டிவி சொன்னது. தண்ணீரில் விஷம் கலந்திருக்கிறது, குடிக்காதீர்கள் என்றது. டிவி நிலையம் ஆபத்தில் இருக்கிறது, காப்பாற்ற வாருங்கள் என்று ஆயுதம் இல்லாத ஜனங்களைத் துப்பாக்கிச் சண்டை நடக்கும் இடத்துக்குக் கூப்பிட்டது. சரிபார்க்க ஆள் இல்லை. காதில் விழுந்தது அடுத்த நிமிடம் ஒளிபரப்பானது. நேற்று வரை பொய் சொன்ன டிவி இன்று நம் டிவி என்று நம்பி ஜனங்கள் கிளம்பிப் போனார்கள். இருட்டில் ஒரு படைப்பிரிவு இன்னொரு படைப்பிரிவைச் சுட்டது. 23ஆம் தேதி காலை ஒதோபேனி விமான நிலையத்துக்குக் காவலுக்காக வந்த சிப்பாய்களை அங்கே ஏற்கெனவே இருந்த சிப்பாய்களே எதிரி என்று நினைத்துச் சுட்டதில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

புரட்சியில் இறந்தவர்கள் மொத்தம் 1,100க்கும் மேல். அதில் சௌஷெஸ்கு ஓடுவதற்கு முன்னால் இறந்தவர்கள் சுமார் 160 பேர்தான். மற்ற அத்தனை பேரும் ஜெயித்துவிட்டோம் என்று டிவியில் சொன்ன பிறகு இறந்தவர்கள். பயங்கரவாதி என்று ஒருவர்கூட நீதிமன்றத்தில் தண்டிக்கப்படவில்லை. முப்பது வருடம் கழித்து 2019இல் இலியெஸ்கு மீது மனிதகுலத்துக்கு எதிரான குற்ற வழக்கு தொடர்ந்தார்கள். டிவி வழியாகப் பரப்பிய தவறான தகவல்களால் உண்டான பீதியே அத்தனை சாவுக்கும் காரணம் என்பது அந்தக் குற்றப்பத்திரிகையின் மையமான வாதம். அவர் மறுத்தார். தீர்ப்பு வராமலேயே 2025 ஆகஸ்டில் இறந்துபோனார்.

வெளிநாட்டு டிவிக்களும் இதில் சளைக்கவில்லை. திமிஷோவாராவில் மட்டும் 4,632 பேர் இறந்ததாக உலகம் முழுவதும் செய்தி போனது. ஏழைகளின் இடுகாட்டிலிருந்து தோண்டியெடுத்த, கலவரத்தோடு சம்பந்தமே இல்லாத உடல்களைப் படுகொலைக்குச் சாட்சியாகக் காட்டினார்கள். நிஜமாகச் செத்தவர்களின் எண்ணிக்கையே போதுமான கொடுமை. அதைப் பெருக்கிக் காட்டியதால், பின்னால் "எல்லாமே பொய்" என்று சொல்கிறவர்களுக்கு வசதியாகிவிட்டது.

டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். தர்கோவிஷ்தே ராணுவ முகாமில் ஒரு மணி நேர அளவில் விசாரணையை முடித்து, சௌஷெஸ்கு தம்பதியைச் சுட்டார்கள். கேமராக்காரர் ஓடி வருவதற்குள் சுட்டு முடித்துவிட்டதால், பதிவில் இருப்பது கடைசி விநாடிகளும் புகையும் உடல்களும்தான். அந்த நாடாவைச் சுருக்கி டிவியில் போட்டார்கள். அதைக் காட்டியே ஆக வேண்டியிருந்தது. காட்டாவிட்டால் அவர் செத்தார் என்று யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

அதன் பிறகு என்ன ஆனது? ஒளிபரப்புக்கு 'சுதந்திர ருமேனியத் தொலைக்காட்சி' என்று புதுப் பெயர் வந்தது. ஆனால் நாடு முழுவதும் தெரிந்த ஒளிபரப்பு அது ஒன்றுதான், அதுவும் முன்னணியின் பிடியில். 1990 ஏப்ரலில் புக்கரெஸ்ட் பல்கலைக்கழகச் சதுக்கத்தில் மாணவர்கள் வாரக்கணக்கில் உட்கார்ந்து கேட்ட கோரிக்கைகளில் ஒன்று, அரசின் கையில் இல்லாத ஒரு டிவி வேண்டும் என்பது. புரட்சி முடிந்து நாலே மாதத்தில்! மே 20 தேர்தலில் இலியெஸ்கு 85 சதவீத ஓட்டு வாங்கினார். ஜூனில் அவருடைய அரசுக்கு ஆதரவாகச் சுரங்கத் தொழிலாளர்கள் தலைநகருக்கு வந்து மாணவர்களை அடித்து நொறுக்கினார்கள். வலுவான தனியார் சேனல் என்று ஒன்று, ப்ரோ டிவி, 1995 டிசம்பரில்தான் வந்தது. அடுத்த வருடத் தேர்தலில் இலியெஸ்கு தோற்றார். ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன், பொருளாதாரக் கஷ்டமும் ஊழலும் இருந்தன. ஆனாலும் வேறு குரல் கேட்கக் கிடைத்தது ஒரு விஷயம்தான்.

உங்கள் இரண்டாவது கேள்வி, இன்று அப்படி நடக்குமா என்பது. நமக்குப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. 2022 ஜூலை 13 அன்று, கோட்டாபய ராஜபக்ச மாலத்தீவுக்குப் போய்விட்ட நாளில், கொழும்பில் போராட்டக்காரர்கள் ரூபவாஹினி நிலையத்துக்குள் போனார்கள். அவர்களில் ஒருவர் நேரடி ஒளிபரப்பில் தோன்றி, இனிமேல் போராட்டம் சம்பந்தப்பட்ட நிகழ்ச்சிகள் மட்டும்தான் வரும் என்றார். கொஞ்ச நேரத்தில் ஒளிபரப்பு நின்றது, அப்புறம் பழையபடி வந்தது. அதோடு சரி. ஜனாதிபதி மாளிகையின் நீச்சல் குளத்தில் ஆட்கள் குதித்ததை நான்கு நாள் முன்பே உலகம் போனில் பார்த்துவிட்டது. ஒரு வாரம் கழித்து ரணில் விக்கிரமசிங்கவை ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுத்தது நாடாளுமன்றம். 4ஆம் எண் ஸ்டுடியோவுக்கு இருந்த பலம் ரூபவாஹினி ஸ்டுடியோவுக்கு இல்லை; வேறு நூறு வழிகளில் படம் வந்துகொண்டிருந்தது.

ஆனால் 'தண்ணீரில் விஷம்' என்பது மாதிரியான செய்திக்கு இன்று ஸ்டுடியோவே தேவையில்லை, ஒரு வாட்ஸ்அப் குழு போதும். அந்த ஒரு விஷயத்தில் 1989 டிசம்பர் 22 ராத்திரியிலிருந்து நாம் அதிக தூரம் வந்துவிடவில்லை.

நேரம் இருந்தால் மூலப் பதிவுகளையே பாருங்கள், இணையத்தில் கிடைக்கின்றன. 21ஆம் தேதி உரையைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். அதோடு நிறுத்தாமல் 22 ராத்திரி ஸ்டுடியோப் பதிவையும் கொஞ்சம் பாருங்கள். மொழி புரியாவிட்டாலும் பரவாயில்லை. யார் யார் கேமராவுக்கு முன்னால் வருகிறார்கள், மதியம் நின்ற இளைஞர்களில் எத்தனை பேர் ராத்திரி வரை அங்கே நிற்கிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள்.